தட்டுக்காரன்

மாரப்பன் கட்டைவிரலை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது. எடுத்தால் விளக்கு அணைந்துவிடும், விளக்கு அணைந்தால் இப்போதுதான் பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கிற அந்தக் குட்டிப் பேய் தலையிலிருக்கும் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பனியோடு பனியாகக் கரைந்துபோகும். ஏற்கெனவே மூன்று தடவை அப்படிப் போய்விட்டது. மடியில் கிடந்த டேப்பின் தொடுதிரைக் கண்ணாடிக்குள் ஓர் அரிக்கேன் விளக்கு எரிந்தது, அதன் மேல் அவருடைய வலது கைக் கட்டைவிரல் இருந்தது, பிளாஸ்டிக் நாற்காலியில் அறுபத்தாறு வயது மனிதர் பனியனோடு உட்கார்ந்து மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போயிருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் ஷட்டவுன், ஐந்து மணிக்குத்தான் வரும். மின்விசிறி நின்றுபோன வீட்டில் கொசுவின் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. ஜன்னலைச் சாத்தியிருந்தார், வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார், இந்த வயதில் கேம் விளையாடுகிறான் பார் என்று எவனும் எட்டிப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. விளையாட்டா இது? விளையாட்டு இல்லை. ரேசன் கடைக்குப் போன மனைவி துளசிமணி திரும்பி வருவதற்குள் இவனை வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் அவள் டேப்பைத் திறக்கும்போது இவன் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். காலையில் இவனை விரட்டியது யார் என்ற பேச்சே வரக் கூடாது. வியர்வை புருவத்திலிருந்து இறங்கி மூக்கு நுனியில் நின்றது. இடது கையால் துடைத்துக்கொள்ளலாம், ஆனால் டேப் ஆடிவிடுமோ என்று பயம். சொட்டட்டும். மேலே மூலையில் பேட்டரி பத்தொன்பது என்று காட்டியது.

விரட்டவில்லை, விட்டேன், என்று மனதுக்குள் திருத்திக்கொண்டார். விடுகிறதும் விரட்டுகிறதும் ஒன்றா. அந்தக் கேமே அப்படிக் கேட்டது. இவனை விட்டுவிடலாமா, ஆமாம், வேண்டாம். நாலாங்கிளாஸ் படிப்புக்கு அந்த நாலு சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் விரல் ஆமாமில் போய் விழுந்துவிட்டது. எந்த விரல்? ரேசன் கடை மெஷினில் பதியவே பதியாத விரல். முப்பத்தெட்டு வருஷம் அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளில் சுழல்கிற சக்கரத்துக்கு நேராகப் பாத்திரத்தைப் பிடித்துப் பாலீஷ் போட்டுப் போட்டு ரேகையெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிப்போன விரல். கடைக்காரன் துடைத்து வையுங்க, அழுத்தி வையுங்க, இன்னொரு விரல் வையுங்க என்று பத்து தடவை பார்த்துவிட்டு, ஐயா நீங்க வராதீங்க, அம்மாவையே அனுப்புங்க என்று சொல்லிவிட்டான். அந்த மெஷினுக்கு இப்படி ஓர் ஆள் இருப்பதே தெரியாது. இந்த டேப்பும் பாதி நேரம் அவர் தொட்டால் கண்டுகொள்ளாது. ஆனால் இன்றைக்குக் காலையில், துளசிமணி பையை எடுத்துக்கொண்டு தெரு முக்குத் திரும்பிய பத்தாவது நிமிஷத்தில், ஆமாம் என்ற அந்தச் சின்னக் கட்டத்தில் வைத்த உடனே பதிந்தது. பாவம் செய்வதற்கு மட்டும் ரேகை இருக்கிறது போல. சை, என்ன பாவம், பொம்மைக்குப் பாவமா. பாலத்தின் மேல் அந்தப் பொம்மை ஓர் அடி வைத்து நின்றது, தட்டை இரண்டு கையாலும் சரிபார்த்தது, இன்னோர் அடி வைத்தது. நத்தை இதைவிட வேகமாக வரும். பாலம் தாண்டினால் புளியமரம், புளியமரம் தாண்டினால் கிணறு, கிணறு தாண்டினால் வேலிப்படல், படலைத் தாண்டினால் வீட்டு வாசல்படி. விளக்கை வைத்துக் காத்திருந்தால் திரும்பி வரலாம் என்றுதான் எழுதியிருந்தது. வருவான் என்று எழுதவில்லை. வரலாம்.

எல்லாம் மேகலா செய்த வேலை. ஒரே மகள், கோயமுத்தூரில் இரண்டு சிநேகிதிகளோடு ஒரு மாடி அறை பிடித்து மூன்று வருஷமாக இந்தக் கேமைச் செய்துகொண்டிருக்கிறாள். பேய்க்குடி என்று பெயர். எப்போதும் பனி மூடிய ஒரு சின்ன ஊர், அதில் நாற்பத்தேழு குட்டிப் பேய்கள். பயப்படுகிற மாதிரிப் பேய் இல்லை, பசித்த பேய், குளிருகிற பேய், தூக்கம் வராத பேய். ஒற்றைக்காலில் குதித்துப் போகிற குடைப்பேய் ஒன்று, அடுப்புக்குள் சுருண்டு கிடக்கிற கரிக்குட்டி ஒன்று, எந்த வீட்டு ஊஞ்சல் காலியாக இருந்தாலும் ஏறி ஆடுகிற கிழவிப் பேய் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துக் கொடுத்தால் அது தானாக வந்து தூக்குப்போசிக்குள், பிடி வைத்த மூடிப் பாத்திரத்துக்குள் ஏறிக்கொள்ளும். அந்தப் போசி பளபளவென்று இருக்கும், முகம் பார்க்கலாம். இது உங்க பாலீஷ்தான் ப்பா, நம்ம வூட்டுப் போசியப் போட்டோ எடுத்துத்தான் வரைஞ்சேன் என்று மேகலா சொன்ன அன்றைக்கு முழுக்க அவர் நெஞ்சுக்குள் என்னமோ இனிப்பாக இருந்தது. வெளியே விடுவதற்கு முன்னால் வயசானவங்களுக்குப் புரியுதா பாக்கணும் என்று அம்மாவுக்கு டேப் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். துளசிமணிக்குப் புரிந்தது மட்டுமல்ல, பைத்தியமே பிடித்துவிட்டது. இரண்டு மாதத்தில் முப்பத்தோரு பேய். என்ற வூட்டுக்காரரு நாளைக்கு நாலு வார்த்த பேசுனாலே அதிசயம், இதுக எவ்வளவு நல்லாப் பேசுதுக தெரியுமா என்று பக்கத்து வீட்டு ஜோதியிடம் சொல்லிச் சிரித்தாள், அவர் உள்ளே இருப்பது தெரிந்தேதான் சொன்னாள். பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து அவரும் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தபடிதான் இருந்தார். கரிக்குட்டியை அவருக்கும் பிடிக்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

புளியமரம் வந்துவிட்டது. முதல் தடவை இங்கேதான் விரல் காய்ந்துபோய்க் கண்ணாடி விட்டுவிட்டது. இந்தத் தடவை பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார், உட்காரும்போதே விரலை நனைத்துக்கொண்டார், இடது கைச் சுண்டுவிரலை டம்ளரில் தொட்டு ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலின் ஓரத்தில் விட்டார். விளக்கு ஒரு நடுக்கம் நடுங்கி நிமிர்ந்து எரிந்தது. அப்பாடா. போன வாரம்தான் துளசிமணி இவனைப் பிடித்தாள். தட்டுக்காரன் என்று பெயர். முழங்கால் உயரப் பேய், தலைமேல் துணி மூடிய தட்டு, எங்கே விசேஷம் என்றாலும் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேருவான். ஒரு வீட்டுப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பான், ஒரு வீட்டில் இலை எடுத்த பிறகு வந்து நிற்பான். அவனுக்கு வேண்டியது பலகாரமும் இல்லை போர்வையும் இல்லை, அவன் வந்து சேருகிற வரைக்கும் யாராவது விளக்கை அணைக்காமல் இருக்க வேண்டும். துளசிமணி ஒரு மதியம் முழுக்க விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு எடுத்து வை என்றார், கையைக் காட்டினாள். அவன் போசியில் ஏறினதும் என்ன பெயர் வைக்கலாம் என்று கேம் கேட்டது. அவள் யோசிக்கவே இல்லை. சென்னி என்று அடித்தாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்த் தெருக்குழாயடியில் அரை மணி நேரம் நின்றார். சென்னி. சென்னியப்பன். துளசிமணியின் தம்பி. இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டுக்குள் அவர் காதுபட யாரும் சொல்லாத பெயர். அம்மாவும் மகளும் கூடிப் பேசித்தான் செய்திருக்கிறார்கள். போனில் மேகலாவைக் கேட்டார், அதென்ன அந்தத் தட்டுப் பேயி, யாரச் சொல்ற. அது சும்மா ஒரு பேய் ப்பா, லேட்டா வர்ற பேய் என்றாள். லேட்டா வந்தா அவன் பாடு, அதுக்கெதுக்கு மத்தவங்க வெளக்கப் புடிச்சுட்டு உக்காரணும் என்றார். வந்துட்டிருக்கான்னு தெரிஞ்சா யாராச்சும் உக்காரணுமில்லப்பா என்றாள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்து போசியைத் திறந்து, சென்னி, சாப்புட்டியாடா என்பாள். சாயங்காலம் காப்பி போட்டுக்கொண்டே, சென்னி, குளிருதாடா என்பாள். இந்த வீட்டுப் போசிக்குள், என் பாலீஷ் போட்ட போசிக்குள், அவன் உட்கார்ந்திருக்கிறான். சீர்த்தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனவன். நூறு பேர் பார்க்க, குலதெய்வத்து வாசலில், மச்சான் என்ற மரியாதை துளியும் இல்லாமல், தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தவன். சீர்த்தட்டைத் தலையில் ஏற்றினால் சேருகிற இடத்தில் கையில்தான் கொடுக்க வேண்டும், வழியில் எங்கேயும் மண்ணில் வைக்கக் கூடாது, அது எந்தக் கழுதைக்கும் தெரியும். தெரிந்தும் வைத்தான். அது போதாதா. ஒரு மனிதன் ஆயுசுக்கும் ஒருத்தனோடு பேசாமலிருக்க அது போதும். இதைத்தான் அவர் எல்லாரிடமும் சொன்னார், பட்டறையில் சொன்னார், பங்காளிகளிடம் சொன்னார், சமாதானம் பேச வந்தவர்களிடம் சொன்னார், தட்டைத் தரையில் வைத்தான், தட்டைத் தரையில் வைத்தான். எல்லாரும் ஆமா, அது தப்புத்தான் என்றார்கள். பாலீஷ் சக்கரத்தில் பிடிக்கப் பிடிக்கப் பாத்திரம் பளபளப்பாவது மாதிரி அந்தச் சொல்லும் ஆகிவிட்டது, அதில் அவர் முகம் மட்டும்தான் தெரியும். இன்றைக்குக் காலையில் ஆமாமைத் தொட்டதும் அந்தக் குட்டிப் பேய் போசியிலிருந்து இறங்கி வெளியே நின்றது. தட்டைத் தரையில் வைத்தது. அவர் அதைப் பார்த்துப் பார், பார், அதே புத்தி என்று சொல்லக்கூட வாயைத் திறந்துவிட்டார். ஆனால் அது உடனே குனிந்து தட்டைத் திரும்ப எடுத்தது, அடியில் ஒட்டின மண்ணைத் தன் துணியால் துடைத்தது, தலையில் வைத்துக்கொண்டு நடந்தது. அந்தத் துடைப்புத்தான் அவரை என்னமோ செய்துவிட்டது. மேகலா எதற்கு அதைத் துடைக்க வைத்தாள்? அவளுக்கு அப்போது மூன்று வயது. யார் சொன்னார்கள் அவளுக்கு?

கிணற்றை நெருங்கும்போது வாசலில் குடம் உருளுகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே ஜோதியின் குரல். ஜோதிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"அண்ணா, தண்ணி வுட்டாச்சு! கொடத்த எடுத்துட்டு வாங்க!"

பதினோரு நாள் கழித்து வருகிற தண்ணீர். துளசிமணி போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள், இன்னிக்குத் தண்ணி வர்ற மாதிரி இருக்குது, காத குடுத்துட்டு இருங்க.

"மாரப்பண்ணா! தூங்கறீங்களா? அக்கா வந்தா என்னைய வெய்யும்!"

"நான்... நான் கொஞ்சம் வேலையா இருக்கறேன் கண்ணு" என்றார் அசையாமல். வாய் மட்டும்தான் அசைந்தது.

"கதவச் சாத்திட்டு அப்பிடி என்ன வேல?" ஜோதி சிரிப்பது கேட்டது. "சரி, என்ற கொடத்துலயே ரெண்டு கொடம் நான் புடிச்சு வெக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது பாத்துக்கங்க. ஆம்பளைய வூட்டுல உட்டுட்டுப் போனா இந்தக் கதிதான்."

தண்ணீர் குடத்தின் அடியில் விழுந்து டங்கென்று அடித்து, பிறகு மெல்ல மெல்லத் தடிமனான சத்தமாக மாறிக்கொண்டு வந்தது. அவருடைய குடங்கள், அவரே பாலீஷ் போட்ட ஆறு எவர்சில்வர் குடங்கள், சமையல் கட்டில் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றிருக்கும். தண்ணீர் அரை மணி நேரம்தான் வரும். போனால் இனிப் பதினோரு நாள். துளசிமணி வந்து குடத்தைத் தட்டிப் பார்ப்பாள், காலிக் குடத்தின் சத்தத்துக்கு என்ன பதில் சொல்வது. போகட்டும். குடத்துக்குப் பொய் சொல்லிக்கொள்ளலாம், கண் அசந்துட்டேன் என்று சொல்லலாம். இதற்கு எந்தப் பொய்யும் வாய்க்கு வரவில்லை. டேப் தானாகவே அழித்துவிட்டது என்று சொல்லலாமா? அவள் மேகலாவுக்குப் போன் போடுவாள், மேகலா அப்படியெல்லாம் தானா போகாதும்மா என்பாள், பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்கள், அந்தப் பேசாமல் இருப்பதுதான் அவரால் தாங்க முடியாதது. துளசிமணி சண்டை போடுகிறவள் இல்லை. சண்டை போட்டிருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும். கோயில் வாசலில் அன்றைக்கும் அவள் சண்டை போடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சென்னி செத்துப்போன சேதி வந்தபோதும் போடவில்லை. நெஞ்சு வலி, முப்பத்தேழு வயது, விடியக்காலை ஐந்து மணி. நான் போறனுங் என்றாள், நீங்களும் வாங்க என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார், அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை, கேட்காமல் இருந்ததால் அவர் மாட்டேன் என்று சொல்லாமல் தப்பித்தார். யோசித்துப் பார்த்தால் அதுகூட அவள் தந்த சலுகைதான்.

அன்றைக்கு அவர் பட்டறைக்குப் போனார் என்றுதான் ஊருக்குத் தெரியும். போகவில்லை. டவுன் பஸ் ஏறிச் சென்னி ஊரில் இறங்கினார், தெரு முக்கு வரைக்கும் போனார். பேக்கரி ஒன்று இருந்தது, அங்கே நின்று ஒரு டீ வாங்கினார், சாவு வீட்டில் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது, கூட்டத்துக்கு நடுவில் துளசிமணியின் அழுகையும் தனியாகக் கேட்டது. எத்தனையோ பேர் அழுகிற இடத்தில் ஒருத்தியின் குரல் மட்டும் எப்படி அப்படிக் காதுக்கு வரும். போய்விடலாம், கால் எடுத்து வைத்தால் அறுபது அடி. போனால் யாராவது வாங்க என்பார்களா? வாங்க என்று கை நீட்டாவிட்டால்? மச்சான் இப்பத்தான் வர்றாப்ல, எல்லாம் முடிஞ்சு வர்றாப்ல என்று எவனாவது சொல்லிவிட்டால்? டீ ஆடை கட்டிப்போயிற்று. பணத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பஸ் ஏறினார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே சொன்னதும் கிடையாது. இப்போது இந்தப் பேய் கிணற்றடியில் நின்று தட்டைச் சரிபார்க்கிறபோது எதற்கு அந்த ஆடை கட்டின டீ ஞாபகம் வருகிறது. பாதி வழி வந்து நிற்கிறவனைப் பார்த்தாலே இப்படித்தான் போல. வா. வாடா. நின்னுக்கிட்டே இருக்காதடா. சத்தமாகச் சொல்லிவிட்டாரோ என்று திடுக்கிட்டார். வீடு மூடியிருந்த புழுக்கத்தில் கதவுக்குப் பின்னால் தொங்கிய துளசிமணியின் பழைய புடவை மெல்ல அசைந்தது. காற்று இல்லை. ஜன்னல் சாத்தியிருக்கிறது. கரண்ட் இல்லை. யாராவது தலையில் எதையோ வைத்துக்கொண்டு பின்னால் நின்றால் தெரியாது, திரும்பிப் பார்த்தால் விரல் நகர்ந்துவிடும். திரும்பவில்லை. நின்றால் நிற்கட்டும். பேட்டரி ஒன்பது.

தட்டைத் தரையில் வைத்தான். ஆமாம், வைத்தான். அதற்கு முன்னால் என்ன நடந்தது? எப்போதும் இந்த இடத்தில் வந்து அவர் மனது வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும், தட்டுவண்டி மாடு வழக்கமான தெருவில் திரும்புகிற மாதிரி. இன்றைக்குத் திரும்ப வழியில்லை, விரல் மாட்டிக்கொண்டிருக்கிறது. காட்டுக்கோயில். ஆடி மாதக் காற்று. மேகலாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி உட்கார வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவன் வரவில்லை. நல்ல நேரம் பத்தரை வரைக்கும். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, நேரம் போகுதுங்க, நேரம் போகுதுங்க என்கிறார். பங்காளிகள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். தாய்மாமனுக்கு இப்பவே இந்த ராங்கியா என்று ஒருத்தன் சொன்னான், சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு அவர் முதுகில் வந்து விழுந்தது. துளசிமணி மட்டும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருங்க, தம்பி வந்துட்டிருப்பான், பத்து நிமிசம் இருங்க என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பத்தே நிமிஷம். அவர் பங்காளி வேலுச்சாமியைக் கூப்பிட்டு, நீ உக்காருடா, மடியில வெச்சுக்க என்றார். குழந்தை புது மடியில் உட்கார மாட்டேன் என்று கத்தினாள், மாமா வேணும், மாமா வேணும் என்று கத்தினாள், ஒரு வாரமாக அதைத்தான் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள், மாமா மடியில உக்காந்தா வலிக்காது என்று. பிடித்துக் குத்தினார்கள். ஆடியதில் இடது காது ஓட்டை கோணிப்போய்ச் சீழ் பிடித்து, அப்புறம் தூர்ந்தே போயிற்று. மேகலா இன்றைக்கு வரைக்கும் தோடு போடுவதில்லை.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அவன் வந்தான். வந்த பஸ் வழியில் நின்றுபோய், தலையில் சீரோடு சைக்கிளில் தொற்றிக்கொள்ளவும் முடியாமல், இறக்கி வைக்கவும் கூடாமல், இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு ஏழு கிலோமீட்டர் காட்டுப்பாதையில் நடந்து வந்திருக்கிறான். இருபது வயசுப் பையன். சட்டை முழுக்க நனைந்து, செருப்பு ஒன்று அறுந்து, ஒரு கால் வெறுங்காலாக. வந்து நின்று குழந்தையின் காதைப் பார்த்தான். அழுது வீங்கின முகத்தைப் பார்த்தான். மச்சான் என்று மட்டும் சொன்னான், தட்டை நீட்டினான். வாங்கியிருக்கலாம். இரண்டு கை நீட்டி வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். பங்காளிகள் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதனுக்கு என்னமோ ஆகிவிடுகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்ன சொன்னார்? சொல்லு. என்ன சொன்னே? கறி இன்னும் தீந்திருக்காது, பந்தியில போயி உக்காரு. அதைத்தான் சொன்னார். தாய்மாமனைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். அவன் நீட்டின தட்டு நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றது, ஏழு கிலோமீட்டர் பிடித்து வந்த கையில். அதற்கு அப்புறம்தான் தரையில் வைத்தான். வீசவில்லை, போடவில்லை, குனிந்து, சத்தம் வராமல் வைத்தான். வேறு எங்கே வைப்பான்? துளசிமணி வந்து அதை எடுத்து, அடியில் ஒட்டின மண்ணை முந்தானையால் துடைத்தாள். அவளேதான் மேகலாவுக்குச் சொல்லியிருப்பாள். எப்போதோ, அவர் வீட்டில் இல்லாத ஒரு நேரத்தில், கோபமே இல்லாமல். தட்டிலிருந்த தோடு இன்னும் குங்குமச் சிமிழுக்குள் பஞ்சில் சுற்றி இருக்கிறது, மஞ்சள் கல் வைத்த குட்டித் தோடு. அவருக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மூக்கு நுனியில் நின்றது வியர்வையா என்னமோ, சொட்டென்று டேப்பின் மேல் விழுந்தது, நல்லவேளை ஓரத்தில். உள்ளே அந்தக் குட்டி கிணற்றைத் தாண்டி வேலிப்படலுக்கு வந்திருந்தது. படலைத் திறக்க அதற்குக் கை இல்லை, இரண்டு கையும் தட்டில். தோளால் முட்டித் தள்ளியது. கொஞ்சம் திறந்தது. மறுபடி முட்டியது. அவர் கை மரத்துப்போய்த் தோள்பட்டை வரைக்கும் எறும்பு ஊறியது, கட்டைவிரல் தன்னுடையதா என்றே சந்தேகமாக இருந்தது. தெருவில் குழாய் நின்றுவிட்டது, ஜோதி உள்ளே போய்விட்டாள். வெயில் மட்டும் கதவு இடுக்கில் கோடாக விழுந்து கிடந்தது. அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு நிழல் வந்து நின்றது.

கதவு தட்டப்பட்டது.

"ஏனுங்."

அவர் மூச்சை நிறுத்தினார்.

"ஏனுங், கதவத் தொறங்க. பகல்ல எதுக்குத் தாப்பாளு? அரிசி கனக்குது."

பேட்டரி நாலு. படல் பாதி திறந்திருக்கிறது, அவன் பாதி உள்ளே பாதி வெளியே. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடலாம். முழங்கால் வலியோடு பத்து கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறாள், திறப்பதுதான் முறை. திறந்துவிட்டுக் குளிச்சிட்டிருந்தேன் என்று சொல்லலாம். அவள் டேப்பை எடுக்க மாலையாகும், அதற்குள் இன்னொரு தடவை முயற்சி செய்யலாம், கரண்ட் வந்த பிறகு சார்ஜ் போட்டு நிதானமாக. அடுத்த தடவை. அடுத்த தடவை என்று ஒன்று எப்போதும் இருக்கிற மாதிரித்தான் இருக்கும். நேரம் போகுதுங்க, நேரம் போகுதுங்க என்று எங்கேயோ ஆசாரி சொன்னார்.

"இரு" என்றார்.

"என்னங்க?"

"கொஞ்சம் இரு, துளசி." குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "சென்னி வந்துட்டிருக்கான்."

கதவிடுக்கில் அந்த நிழல் அப்படியே நின்றது. நிழல் எவ்வளவு நேரம் நின்றது என்று அவரால் சொல்ல முடியாது, இருபத்தாறு வருஷம் நின்ற மாதிரி இருந்தது.

"உட்டுட்டீங்களா?" என்றாள். கேள்வி மாதிரி இல்லை.

"ம்." விளக்கையே பார்த்தார். "காலைல. நீ அக்கட்ட போனதும். நாந்தான்... பேரப் பாத்துட்டு..." சுண்டுவிரலை டம்ளரில் தொட்டுக் கட்டைவிரல் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். "அன்னிக்கு நீ சொன்னே. பத்து நிமிசம்னு சொன்னே. நாந்தான் இருக்கல."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு உள்ளே போய், வெகு நேரம் கழித்து வெளியே வந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும். பேட்டரி மூன்று என்று சிவப்பில் மின்னியது.

"எங்க வர்றான்?" என்று கேட்டாள்.

"படலத் தாண்டறான்."

"அங்கதான் கொஞ்சம் நிப்பான். பயந்துக்காதீங்க." அரிசிப் பையைப் படியில் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது. "நான் இங்கயே உக்காந்திருக்கறேன். கைய மட்டும் எடுத்துராதீங்."

எடுக்கவில்லை. படல் திறந்தது, அவன் நின்றான், உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்க்கிற மாதிரி நின்றான். தட்டு இன்னும் தலையில்தான் இருந்தது.